அவ இறங்காத ஸ்டேசன்

என் பிறப்பைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன், பயிற்சி விடுதியில் சொன்னேன், கலியாணமான புதிதில் கணவரின் வீட்டாரிடமும் சொன்னேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட அன்றைக்கு, வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் இடையில் இருந்த எங்கள் சின்ன ஸ்டேசனின் காத்திருப்பு அறையில் நான் பிறந்தேன். அப்பா அங்கே போட்டர் வேலை பார்த்தார். ரயில்வே குவாட்டர்ஸின் கூரை பறந்துபோக, நிறைமாதமாக இருந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினார். ஸ்டேசன் மாஸ்டரின் மனைவி பிள்ளைப்பேறு பார்த்தார். கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? பிறந்த பிள்ளை தாயோடு இருந்திருக்கும்.

அந்த ஸ்டேசன் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், ஓட்டுக்கூரை, வளைவு வைத்த டிக்கட் யன்னல், மேடையில் நாலு இரும்புத் தூண். ஒரு பக்கம் நெல் வயல் வட்டை. மற்றப் பக்கம் பனங்கூடல், அதற்கு அப்பால் வாவி. ஆட்கள் ஏறி இறங்கியதைவிட நெல் மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் தயிர்ச் சட்டியும் ஏறி இறங்கியதுதான் அதிகம். யுத்தம் வந்ததும் வண்டி ஓட்டம் குழம்பியது, பிறகு முற்றாக நின்றது. தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகள் பங்கர் கட்டப் போயின. கட்டடம் கொஞ்சக் காலம் காவலரணாக இருந்தது. அதற்குப் பிறகு ஆடுகள் படுத்தன. மட்டக்களப்புக்குத் திரும்பவும் வண்டி ஓடத் தொடங்கியபோது எங்கள் ஸ்டேசனுக்குக் கூரையே இல்லை. அதனால் வண்டி அங்கே நிற்கவும் இல்லை.

ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்தான் விடாமல் நின்றார். இது பழைய கட்டடம், மரபுரிமை, இடிக்க விடக்கூடாது என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினார். கடைசியில் ஊரவர்கள் திருத்தி எடுத்தால் இரண்டு வண்டிகளை நிறுத்தலாம் என்று அனுமதி வந்தது. ஒரு குழு அமைத்தோம். வாத்தியார் தலைவர். ரயில்வேயில் வேலை செய்த இரண்டு பேர். அந்தப் பகுதிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கும் குடும்பநல மாதுவாக இருப்பதால் நான். ஓட்டமாவடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர், ஓடும் மரமும் கொள்விலைக்கே தருவதாகச் சொல்லி வந்து சேர்ந்தார். என்னைவிட வயது குறைந்தவர், அதிகம் பேசாதவர். அவர் முதலில் இறக்கிய ஓடு கண்ணைக் குத்துகிற சிவப்பாக இருந்தது. இது ஸ்டேசன், கலியாண மண்டபம் இல்லை என்று நான் சத்தம் போட்டேன். மறுபேச்சில்லாமல் லொறியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போய், பழைய வீடுகளில் கழற்றிய ஓடுகளைத் தேடிக் கொண்டுவந்தார். கூரை ஏறியது. சுவரில் படிந்திருந்த புகைக்கறையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம்.

காத்திருப்பு அறையில் ஒரு பலகை வைத்து ஸ்டேசனின் வரலாற்றை எழுதுவது வாத்தியாரின் யோசனை. அதற்காக ஒரு கூட்டத்தில் ஆளுக்காள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் வழக்கமான கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாட்வெயார்காரர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த வருசம் மிஸ்?"

"எழுபத்தெட்டு. சூறாவளி அண்டைக்கு."

"இந்த அறையிலயா?"

"ஓம். ஏன்?"

அவர் கூட்டம் முடியுமுன் எழுந்து போய்விட்டார். ஓட்டுக் கோபம் இன்னும் ஆறவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தன் தாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்கிய மெலிந்த மனுசி. தடித்த கண்ணாடி, தலையை மூடிய வெள்ளை முக்காடு. யாரோ கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் இருக்கவில்லை. நேரே காத்திருப்பு அறைக்குள் போய், யன்னல் பக்க மூலையில் நின்று கீழே நிலத்தைப் பார்த்தார். பிறகு மகனிடம் கேட்டார்.

"ஆரு அந்தப் புள்ள?"

மகன் என்னைக் காட்டினார். அந்த மனுசி என் முன்னால் வந்து, என் இடது காதைப் பிடித்து முன்பக்கமாக மடித்துப் பின்னால் பார்த்தார். எனக்கு அங்கே ஒரு மச்சம் இருக்கிறது. தலைமயிருக்குள் மறைந்த மச்சம். இருபது வருடம் என்னோடு வாழ்கிற கணவருக்கே அது தெரியாது.

"இரிக்கி மகன்," என்றார் மகனிடம்.

மகப்பேற்று அறையில் எத்தனையோ பார்த்தவள் நான். ஆனால் இந்த மச்சத்தை அவர் எப்போது பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் அவர் கதிரையில் இருந்தார். என்னையும் பக்கத்தில் இருத்தினார்.

"காத்தான்குடியில ராத்தாட ஊட்ட புள்ளப்பெறப் போன நான். ஆம்பிளப்புள்ள. ஒரு கிழமதான் இருந்த. காய்ச்சல் வந்து மவுத்தாப்போச்சி. எனக்கு அங்க இருக்க ஏலாது. நாப்பது கழியாம வெளிக்கிடாத எண்டு எல்லாரும் ஏசின. கேக்கல்ல. என்ட மனுசனோட பின்னேர வண்டியில ஏறிட்டன். வண்டி இஞ்ச வரக்குள்ள காத்து. தண்டவாளத்துல மரம். எல்லாரையும் இறக்கி இந்த அறைக்குள்ள உட்டாங்க. நீ பொறக்கக்குள்ள நான் அந்தா அந்த மூலையில இருந்த."

அவர் சொல்லிக்கொண்டே போனார். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்றனவாம். அம்மாவுக்கு அன்றே காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. நான் கத்திக் கத்தி ஓய்ந்து போனேன். அந்த நேரம் இவருக்கு மார்பு கட்டி, வலி தாங்காமல் சட்டையெல்லாம் நனைந்து இருந்திருக்கிறார். ஸ்டேசன் மாஸ்டரின் மனைவி இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, என்னை எடுத்து இவர் மடியில் வைத்துவிட்டார்.

வாயில் வந்தது என் வேலைப் பேச்சு.

"பால் போதுமா இருந்ததா?"

"பொங்கி வழிஞ்சது மகள்."

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள் பால் கொடுத்திருக்கிறார். பெரிய உபகாரம். அம்மா சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மனுசி என் கையை விடவில்லை.

"ரோட்டும் இல்ல, ரயிலும் இல்ல. உன்ட தாய் காய்ச்சல்ல அறிவில்லாமக் கிடந்தா. வாவியால தோணியில ஏத்தி மட்டக்களப்புக்குக் கொண்டுபோற எண்டு முடிவெடுத்தாங்க. உன்ட வாப்பா உன்னத் தூக்கிட்டு என்னட்ட வந்தாரு. இவ தப்பமாட்டா, புள்ளையாவது தப்பட்டும், நீங்க வெச்சி வளருங்க எண்டாரு. எங்கட மனுசனிட கையப் புடிச்சி அழுதாரு. நாங்க வயலுக்கால நடந்து உன்னத் தூக்கிட்டு ஓட்டமாவடிக்குப் போன."

"எங்க போன?"

"எங்கட ஊட்டுக்கு. ஒரு மாசத்துக்கு மேல நீ என்ட புள்ள. பேரும் வெச்ச."

அவர் அந்தப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்றபடியே இருந்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கூட்டம் நடக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அம்மா கிணற்றடியில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா செத்து வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

"ஓட்டமாவடியிலிருந்து ஒருவ வந்தவ," என்றேன். "காதுக்குப் பின்னால மச்சம் பார்த்தவ."

அம்மாவின் கை நின்றது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்வார், இல்லையென்று மறுப்பார், யாரோ பைத்தியக்கார விசரி என்பார் என்று உள்ளே ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் உசிரோட இரிக்காவா?" என்றார் அம்மா.

நான் அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

"என்னை அப்பா குடுத்தவரா?"

"கொப்பாவ ஒண்டும் சொல்லாத. அவர் குடுக்கல்ல. உன்னக் காப்பாத்தின."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அம்மா இறால் கோதுகளை ஒதுக்கி, கையைக் கழுவி, சேலையில் துடைத்தார். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தார். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து பிள்ளை எங்கே என்று கேட்டபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். உண்மையைச் சொன்னதும், நடக்கத் தெம்பில்லாத அம்மா கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாராம். வண்டி திரும்ப ஓடத் தொடங்கியதும் அப்பா ஓட்டமாவடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் என்னை அதே ஸ்டேசனுக்குக் கொண்டுவந்தார்கள். மேடையில் வைத்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள்.

"நான் வாங்கினன். நீ என்னட்ட வரமாட்டன் எண்டு அவட பக்கம் திரும்பித் திரும்பிக் கத்தின. அவட சட்டையப் பிடிச்ச பிடியக் கொப்பாதான் கழத்தினவர். பெத்த தாய் நான் நிக்கிறன்." அம்மா இறால் சட்டியை மூடி வைத்தார். "அவ கேட்டா, இடைக்கிட வந்து பாக்கட்டா எண்டு. நான் சொன்னன், வண்டியில போகக்குள்ள யன்னலால பாக்கலாம், இறங்கப்படா எண்டு."

அதைக் கேட்டதும் எனக்குள் இன்னொன்று உடைந்தது. ஏனென்றால் அது எனக்கு நினைவிருந்தது.

சின்ன வயதில் இடைக்கிடை அம்மா என்னைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, வண்டி வரும் நேரம் மேடைக்குக் கூட்டிப்போவார். ஒரு யன்னலால் வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, வாழைச்சருகில் சுற்றிய தொதல் இனிப்புத் தரும். கை என் தலையையும் காதையும் தடவும். முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. தொதல்தான் நினைவிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்த யாரோ வியாபாரி வீட்டுப் பொம்பிளை என்று நினைத்திருந்தேன். அந்த நேரமெல்லாம் அம்மாவின் விரல்கள் என் தோளில் நோகிற மாதிரி அழுந்தியிருக்கும். வண்டிக்குக் கிட்டப் போகிறேன், விழுந்துவிடுவேன் என்ற பயம் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

"பிறகு தொண்ணூறாம் ஆண்டு தமிழ், முஸ்லிம் கலவரம் வந்தது," என்றார் அம்மா. "என்ட தம்பி வாழைச்சேனைக்கு மீனெடுக்கப் போனவன். ஆள் வரல்ல. அவட மனுசனையும் அந்த வருசமே வெட்டிப்போட்டாங்க எண்டு கேள்விப்பட்ட. ஆர் ஆரைச் செய்த எண்டு கேட்டா ரெண்டு பக்கமும் கை நீட்டும். அந்த நேரத்தில நான் உனக்கு என்னெண்டு சொல்லுவன், நீ குடிச்ச பால் அவடயெண்டு? ஊருக்குள்ள சொல்ல ஏலுமா?"

அப்படிச் சொல்ல முடியாதுதான். எனக்கு அது விளங்கியது. விளங்கியும் நான் பல நாள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. சோறு போட்டுத் தந்தால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் கிளினிக்கில் நிறை பார்க்க ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டு, அதைத் திருப்பி யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றேன். முன்னால் நாலைந்து தாய்மார் இருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து கையை நீட்டினாள். நான் கொடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். "மிஸ், என்ட புள்ளதான்," என்று அவள் பயந்துபோய்ச் சொன்னாள். அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, நானாகக் கேட்காமலே, "அவவக் கூட்டிட்டு வா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிராகக் கதிரையில் இருந்தார்கள். முழங்கால் வலி பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அம்மா தன் கோப்பையைத் தொடாமல் கேட்டார்.

"நான் உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். அண்டைக்கு நான் செத்திருந்தா சரி. நான் தப்பி வந்து கேட்ட நேரம், இவளத் தராம வெச்சிருக்க நினைச்ச நீங்களா?"

மகன் குனிந்துகொண்டார். இந்தக் கேள்வியை அம்மா எத்தனை காலம் வைத்திருந்தாரோ.

"ஓம்," என்றார் அந்த மனுசி. "பொய் என்னத்துக்கு? கொழும்புக்குக் கொண்டுபோவம், ஆரும் தேடமாட்டாங்க எண்டு எங்கட மனுசனிட்டக் கெஞ்சின. அவர்தான் ஒத்துக்கல்ல. அந்தப் புள்ளைக்கு உம்மா இரிக்கா எண்டாரு. ரெண்டு நாள் நான் அவரோட பேசல்ல. வண்டியில வரக்குள்ள, உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வருத்தம் திரும்பியிருக்கப்படாதா எண்டு நெனச்ச. அல்லா மன்னிக்கட்டும்."

எங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அம்மா செத்திருக்கலாம் என்று நினைத்ததாக ஒருவர் சொல்கிறார். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அம்மா போகவில்லை. தன் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"எனக்கு அது தெரியும்," என்றார். "உங்கட முகத்தில கண்ட நான். அதாலதான் இறங்க உடல்ல. இறங்கினா இவள் உங்களோட வந்திருவாள் எண்டு பயம்." பிறகு, "உங்கட மனுசன் நல்ல மனுசன்," என்றார்.

அதற்குத்தான் அந்த மனுசி அழுதார். முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல். தொண்ணூறில் நடந்தது என்ன என்று அம்மா கேட்கவில்லை. மாமாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் திரும்பவும் போட்டேன்.

ஸ்டேசன் திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், பேசினார்கள். மரபுரிமை என்ற சொல்லை நிறையத் தரம் கேட்டேன். பலகையில் கட்டடத்தின் வரலாறு இருந்தது. சூறாவளி பற்றி ஒரு வரி, அன்றைக்குப் பயணிகள் இங்கே தங்கியிருந்தார்கள் என்று. என் கதையைப் போடட்டுமா என்று வாத்தியார் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். எதை எழுதுவது? எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அன்றைக்கு முதல் வண்டி நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. வண்டியின் யன்னல்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இப்போது அந்த உம்மா மாதத்தில் ஒருமுறை வருகிறார். மூட்டு வலி என்பதால் வண்டியில் வரமாட்டார், மகன் ஓட்டோவில் கொண்டுவந்து விடுவார். அந்த மகன் என்னை மிஸ் என்பதை விட்டுவிட்டு, அவர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல ராத்தா என்கிறார். ஒரு தாயிடம் பால் குடித்தால் தங்கள் சமயத்தில் உடன்பிறப்புத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அவரைத் தம்பி என்று கூப்பிட நாக்கு வர கொஞ்சக் காலம் எடுத்தது. உம்மாவை எல்லா வயதான முஸ்லிம் பெண்களையும் கூப்பிடுவது போல உம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று என் கண் தன்பாட்டில் போகும்.

போன மாதம் நான் கிளினிக் முடிந்து வந்தபோது இருவரும் வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு அப்பால் நின்று, யார் இந்த முஸ்லிம் பொம்பிளை, அடிக்கடி வாறாவே என்று அம்மாவைக் கேட்டார். நான் வேலிப் படலையில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். அம்மா தெரிந்தவ என்று சொல்லிச் சமாளிப்பார், அதுதான் அவர் வழக்கம்.

"என்ட மகளுக்குப் பால் குடுத்து வளத்தவ," என்றார் அம்மா, கையில் இருந்த இலையைப் பார்த்தபடியே. "நான் சாகக் கிடக்கக்குள்ள."

பக்கத்து வீட்டு மனுசி வாய் பிளந்து நின்றார். நானும்தான்.